வள்ளல் கொடுத்த கொக்கி

கொக்கி சூடாக இருந்தது.

வெயிலில் கிடந்த இரும்பின் சூடு இல்லை. காய்ச்சல் இல்லாத ஒரு மனிதனின் முழங்கையைத் தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு சூடு. பரிசோதனை மேஜையில் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காலை நேரம். விமானக் கொட்டகையின் ராட்சதக் கதவுகளை இன்னும் திறக்கவில்லை. சிமெண்ட் தரை, அலமாரி, அரம், சுத்தியல் எல்லாமே சில்லிட்டுக் கிடந்தபோது இது மட்டும் இப்போதுதான் யாருடைய சட்டைப்பையிலிருந்தோ இறங்கி வந்ததுபோல் இருந்தது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, கையை எடுத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு மறுபடி தொட்டாள்.

கொட்டகையில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. உதிரி பாகம் எதுவானாலும் அவள் கண்ணாடி வைத்துப் பார்த்து, சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்த பிறகுதான் விமானத்தில் ஏறும். கோட்டின் கடைசியில் அவள் கை தானாக ஒரு சிறு வாலைச் சுழித்துவிடும். அவளைக் கட்டிக்கொள்ள வந்த ஒருவனின் பல்லிடுக்கை டார்ச் அடித்துப் பார்த்ததால்தான் கல்யாணம் நின்றது என்று ஒரு கதை உலவியது. அது பொய். டார்ச் அடிக்கவில்லை, வெறுமனே பார்த்தாள். அதன்பின் அவளுக்கு வீடு என்றால் தம்பிதான். பெற்றவர்கள் போனபோது அவன் மூக்கு ஒழுகும் வயசு. சோறு ஊட்டி, அடித்து, படிக்க வைத்து ஆளாக்கினாள். இப்போது அவன் இதே விமானப்படைத் தளத்தில், நான்காம் எண் விமானத்தின் லோட்மாஸ்டர். சரக்கு அறையில் ஏறுகிற ஆளுக்கும் மூட்டைக்கும் அவன் பொறுப்பு. விமானிகள் முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுவார்கள். பின்னால் அந்த இருண்ட வயிற்றுக்குள் அவன் ஒருவன்தான் நின்றுகொண்டு போவான்.

இந்தக் கொக்கி அந்த நான்காம் எண்ணுக்கு வந்தது. விமானத்தின் வால்பக்கம் ஒரு பெரிய கதவு. இறக்கினால் லாரி ஏறுகிற சரிவு. ஏற்றினால் அதுவே அடிவயிறு. ஆகாயத்தில் அது திறந்துகொள்ளாமல் பிடித்திருப்பவை இரண்டே கொக்கிகள், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இது இடப்பக்கத்துக்கு உரியது.

"அண்ணே, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

குறடு என்று பெயரெடுத்த மூத்த மெக்கானிக் தூணோரமாக நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "எங்கேர்ந்து வரும்? வள்ளல்கிட்டேர்ந்துதான்."

"வள்ளலோட இடப்பக்கக் கொக்கியப் போன மாசமே கழட்டி மூணாம் நம்பர்ல மாட்டியாச்சே. நான்தான் பாஸ் பண்ணேன்."

"அப்போ அவன்கிட்ட ரெண்டு இருந்திருக்கும்."

"இடப்பக்கம் ஒண்ணுதாண்ணே இருக்கும்."

"நமக்கு ஒண்ணு. அவன் வள்ளலாச்சே." குறடு தம்ளரைக் கவிழ்த்தார். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்மா."

"எனக்குச் சம்பளமே பல்லைப் பிடிச்சுப் பாக்கறதுக்குத்தான்."

வழக்கமாக இதற்கு அவர் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. வெறுங்கையால் எஞ்சினுக்குள் துழாவுகிறவர், கையுறை போடுகிறவனைப் பார்த்தால் 'பாப்பாவுக்கு மருதாணி காயலையோ' என்று கேட்கிறவர், இரண்டு கைகளிலும் தடித்த ரப்பர் உறை மாட்டியிருந்தார். தேநீரையும் அதோடேதான் குடித்திருந்தார்.

வள்ளல் என்பது ஆறாவது விமானத்துக்குக் கொட்டகை வைத்த பெயர். இந்த ரக விமானத்தைச் செய்த ஆலை மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஆலை போனாலும் பெருமை போகுமா? அதனால் ஐந்து விமானங்களைப் பறக்க விட்டுவிட்டு, ஆறாவதைச் சக்கரங்களைப் பிடுங்கி, மரக்கட்டைகளின்மேல் கொட்டகையின் கோடியில் உட்கார வைத்திருந்தார்கள். ஐந்தில் எதற்கு எது பழுதானாலும் ஆறாவதிடம் போய்க் கழற்றி வருவார்கள். கேட்டவர்க்கு இல்லை என்று அது சொன்னதே இல்லை. அவளுக்கு அது இப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாகக் கழற்றுகிறோம். ஒரு தடவையாவது யாராவது வெறுங்கையோடு திரும்பி வந்ததுண்டா?

அவள் கொக்கியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். மனிதன் செய்த எந்தப் பொருளிலும் செய்தவன் தெரிவான். வார்த்த அச்சின் தையல், கடைந்த சக்கரத்தின் வளையம், பாலிஷ் போட்டவன் அவசரமாக விட்ட மூலை, ஏதாவது ஒன்று. இதில் எதுவும் இல்லை. மேற்பரப்பு முழுக்க, ஊசி முனையைவிடச் சிறிய துளைகள் நெருக்கமாக இருந்தன. எலுமிச்சைத் தோலில் இருப்பதுபோல. புறங்கையில் இருப்பதுபோல. ஓரத்தை அரத்தால் லேசாக ராவினாள். பொடி உதிர்ந்தது. கூடவே ஒரு வாடை எழுந்தது. நகம் கருகும் வாடை.

சோதனையில் தேறியது என்பதுதான் கொடுமை. எடை சரி, அளவு சரி, விரிசல் இல்லை. இழுவைச் சோதனையில் இயந்திரத்தின் முள் சிவப்புக்குப் போயும் கொக்கி அசைந்து கொடுக்கவில்லை. இதைத் தள்ளுபடி செய்ய விதிப் புத்தகத்தில் இடமே இல்லை. குறை இருந்தால் என்ன செய்வது என்று முந்நூறு பக்கம் எழுதியவர்கள், குறையே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

டார்ச்சையும், நீளக் கம்பியில் பொருத்திய சின்ன முகக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவள் கோடிக்கு நடந்தாள். "போகாதீங்கம்மா," என்றார் குறடு பின்னாலிருந்து. சத்தமாகச் சொல்லவில்லை, சொன்னதாகக் கணக்கில் இருக்கட்டும் என்பதுபோல் சொன்னார்.

வள்ளல் ஏன் பறப்பதை நிறுத்தியது என்பதற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, இன்று மதியம் வந்து நான்காம் எண்ணில் பறக்கப்போகும் மேலிடத்து விருந்தாளிகளுக்காகத் தளபதி பளபளத் தாளில் அச்சடித்து வைத்திருப்பது. 'தாயக வானின் தளராச் சிறகு' என்று தொடங்கி, மூச்சு வாங்காமல் ஒரு பக்கம் ஓடி, 'எண்ணற்ற வீரர்களை அவர்தம் இலக்கில் சேர்த்த பெருமைக்குரியது' என்று முடியும். எந்த இலக்கு என்று அச்சகத்துக்காரர் கேட்கவில்லை. மற்றது, உணவு வரிசையில் தட்டோடு நிற்கும்போது பேசிக்கொள்வது. ஒரு தடவை வள்ளல் சரக்கு அறை நிறையச் சிப்பாய்களோடு கிளம்பிற்று. வழியில் எங்கும் இறங்கவில்லை. கதவு திறக்கவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் வெளியே இருந்து பின்கதவை இறக்கினார்கள். உள்ளே யாரும் இல்லை. இருக்கை வார்கள் மட்டும் பூட்டியது பூட்டியபடி, ஓர் இடுப்பைச் சுற்றினாற்போல் வளைந்து நின்றன. விசாரணைக் குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து, நிறைய பிஸ்கட் தின்று, 'சரக்கு சேதமின்றிக் கொண்டுசெல்லப்பட்டது; பெற்றுக்கொண்ட தரப்பில் குளறுபடி' என்று எழுதிக் கலைந்தது.

கோடியில் வெளிச்சம் குறைவு. தகரக் கூரையில் வெயில் ஏறும் சடசடப்பும், எங்கோ ஒரு விசிறி கழுத்து நோக அனத்துவதும் அவளோடு பாதி தூரம் வந்து நின்றுவிட்டன. வள்ளலின் பின்கதவு எப்போதும் இறங்கியே இருக்கும். அதன் சரிவில் ஏறி வாயில் நின்றதும் உள்ளிருந்து ஒரு காற்று வந்து முகத்தில் படர்ந்தது. பழைய எண்ணெய் வாடையையும் தூசி வாடையையும் எதிர்பார்த்து மூக்கைச் சுருக்கிய அவளுக்கு, இரவெல்லாம் வாயைத் திறந்து தூங்கியவன் விடிந்ததும் பக்கத்தில் வந்து பேசினால் அடிக்குமே, ஈரமும் புளிப்புமாக ஒரு வாடை, அது வந்தது. டார்ச்சை அடித்தாள். வருஷங்களுக்கு முன்பு ஒரு தடவை இந்த உள்ளறையை அவள் எலும்புக்கூடாகப் பார்த்திருக்கிறாள். தரை உருளைகள் நான்காம் எண்ணுக்குப் போயின, பக்கவாட்டு இருக்கைகள் போயின, சுவரின் மெத்தை விரிப்பு போயிற்று, விளக்குகள் போயின. இப்போது டார்ச் போன இடமெல்லாம் நிரம்பி இருந்தது. இருக்கைகள் வரிசையாக. வலை வார்கள் தளராமல். சுவர் விரிப்பு சுருக்கமில்லாமல், லேசாக மேலெழுந்து, லேசாகத் தாழ்ந்து.

காற்றில் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டாள். காற்று இல்லை.

வந்த காரியத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவது என்று, கதவின் இடப்பக்க விளிம்பில் மண்டியிட்டு, கொக்கி உட்காரும் குழிக்குள் முகக்கண்ணாடியை நுழைத்தாள். விடியற்காலையில்தான் குறடு இதிலிருந்து கொக்கியைக் கழற்றியிருந்தார். குழி காலியாக இருக்க வேண்டும்.

கண்ணாடியில் முளை தெரிந்தது.

விரல் பருமன். நுனி வெளுப்பாக, நசுங்கிய விரலில் புதிதாக வரும் நகம்போல. அடியில் கருத்து இரும்பாகி வந்தது. நுனி ஏற்கெனவே வளையத் தொடங்கியிருந்தது.

அவள் மூச்சை அடக்கினாள். கண்ணாடியைச் சற்று நகர்த்தினாள்.

முளையும் நகர்ந்தது. கண்ணாடி இருந்த பக்கம்.

அதன்பின் எப்படிச் சரிவில் இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. முகக்கண்ணாடி கையில் இல்லை. உள்ளே ஏதோ அதை மெதுவாக நொறுக்கிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் காதில் இருந்தது.

தளபதியின் அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. மார்பில் பதக்கங்கள் நேராகத் தொங்குகின்றனவா என்று ஆளுயரக் கண்ணாடியில் பார்த்தபடி அவர் வரவேற்புரையை ஒத்திகை பார்த்தார். 'இரும்புப் பறவை' என்ற இடத்தில் கையை உயர்த்துவதா, குரலை உயர்த்துவதா என்பதில் அவருக்கு இன்னும் முடிவு வரவில்லை.

"சார், நாலாம் நம்பரை இன்னிக்கு விட முடியாது."

"காரணம்?"

"அந்தக் கொக்கி யாரும் செஞ்சது இல்ல சார். வளந்தது. வள்ளல்ல இப்ப இன்னொண்ணு வளருது. என் கண்ணால பாத்துட்டு வரேன்."

தளபதி திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே அவளைப் பார்த்தார். "சோதனையில தேறிச்சா?"

"தேறிச்சு."

"பலம்?"

"கேட்டதுக்கு மேலயே இருக்கு."

"அப்புறம் என்ன உங்களுக்கு வயித்தெரிச்சல்? பக்கத்துத் தளத்துல பாதி விமானம் படுத்துக் கிடக்கு. நம்மகிட்ட அத்தனையும் பறக்குது. எப்படின்னு மேலிடத்துல கேக்கறாங்க. திட்டமிடல்னு சொல்லியிருக்கேன்." ஒரு பதக்கத்தை நிமிர்த்தினார். "எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் தெரியும். கொடுக்குது, எடுத்துக்கறோம். திருப்பிக் கேட்டுச்சா?"

"இனிமே கேக்கும் சார்."

அப்போதுதான் திரும்பினார். முகத்தில் மேடைக் களை போய், தெருச்சண்டைக் களை வந்திருந்தது. "இதோ பாருங்க. இத்தனை நாள் ஒவ்வொண்ணா நீங்கதான் கோடு போட்டு அனுப்புனீங்க. மத்தவங்க வீட்டுப் பிள்ளைங்க ஏறினப்போ உங்க பூதக்கண்ணாடி எங்கே போச்சு? உங்க தம்பி ஏறுறான்னதும் பல்லு, நகம் எல்லாம் தெரியுதோ? போய்க் கோட்டைப் போடுங்க. இல்லேன்னா நாளைக்கு நீங்க ரெண்டு பேருமே வேற ஊர்ல ஆணி எண்ணிக்கிட்டு இருப்பீங்க."

அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வந்த பொருளைத்தான் அவள் பார்த்தாள். கொடுத்தவனிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று அந்த ஒரு தடவைக்குப் பின் எட்டிப் பார்த்ததில்லை. வராந்தாவில் நடக்கும்போது நான்காம் எண்ணின் சரக்கு அறை மனசுக்குள் விரிந்தது. உருளை வள்ளலுடையது. இருக்கை வள்ளலுடையது. விரிப்பு, விளக்கு, கதவைத் தூக்கும் தண்டுகள், வலப்பக்கக் கொக்கி. ஆலையில் செய்தது என்று அந்த அறையில் மிஞ்சியிருந்தது இடப்பக்கக் கொக்கி ஒன்றுதான். அதுவும் நேற்று உடைந்தது. எதுவும் மோதாமல், தானாக.

இதை மாட்டிவிட்டால், நான்காம் எண்ணின் வயிறு நான்காம் எண்ணுடையதாக இருக்காது.

தள்ளுபடியான பாகத்தை இரண்டாக அறுத்துப் போட வேண்டும் என்பது கொட்டகை வழக்கம். முழுசாகக் குப்பையில் போட்டால் எவனாவது பொறுக்கி எடுத்து மாட்டிவிடுவான். அறுத்தது அறுத்ததுதான், தளபதியே வந்தாலும் ஒட்ட முடியாது. அவள் கொக்கியைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்தாள். முதல் நாலு இழுப்பு பல் பதியவில்லை. பிறகு சட்டென்று, மேல்தோல் தாண்டினாற்போல், இறங்கியது. கருகிய நகத்தின் வாடை கண்ணைக் கரித்தது. பாதி அறுத்தபோது கொட்டகையின் கோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவன் உறிஞ்சுகிற மூச்சு. ஆனால் ஒருவன் அளவு இல்லை; கொட்டகை அளவு.

அவள் நிறுத்தவில்லை. கொக்கி இரண்டாக விழுந்தது. அறுபட்ட இடம் ஈரமாக இருந்தது.

"முடிஞ்சுது," என்றாள் உரக்க. யாரிடம் என்று தெரியவில்லை.

"முடிஞ்சுதும்மா." குறடு பின்னால் நின்றார். "நாலாம் நம்பர் ரெடி. கொக்கி மாட்டியாச்சு."

"எந்தக் கொக்கி? இதோ கெடக்குதே."

"நீங்க தளபதியைப் பாக்கப் போனீங்கல்ல. நான் போய்ப் பாத்தேன். அவன்கிட்ட இன்னொண்ணு இருந்தது." அவர் முகத்தில் கிண்டல் இல்லை. முகமே இல்லை என்று சொல்லும்படி வெளுத்திருந்தது. "உங்க கோட்டோடயே இருந்தது. வாலு வெச்ச சிவப்புக் கோடு. நீங்க போட்டதுன்னு நெனைச்சுக்கிட்டேன்."

"நெனைச்சுக்கிட்டீங்களா?"

"வேற என்னம்மா நெனைக்கிறது? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு." அவர் இடது கையுறையைக் கொஞ்சமாகக் கழற்றிக் காட்டினார். உள்ளங்கைத் தோல் இல்லை. "காலையில கழட்டறப்போ அது கையை விடல."

அவள் ஓடினாள்.

கொட்டகைக்கு வெளியே நடுப்பகல். வெயிலில் சிமெண்ட் வெள்ளையாக எரிந்தது. நான்காம் எண் பின்கதவை இறக்கி, சரிவை நாக்குபோல் தரையில் வைத்து நின்றது. முன்னால் விமானிகள் ஏறிவிட்டிருந்தார்கள். ஒரு எஞ்சின் இருமி இருமிச் சுழலத் தொடங்கியது. சரிவில் ஏறினாள். அதே காற்று. அதே வாய்.

தம்பி நடுவில் நின்று இருக்கை வார்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பில் லோட்மாஸ்டர்கள் கட்டும் பாதுகாப்பு வார். கதவு திறந்திருக்கும்போது தவறி விழாமலிருக்க அதன் மறுமுனையைத் தரை வளையத்தில் மாட்டியிருப்பார்கள்.

"அக்கா? நீ எங்க இங்க? கையில என்ன ரம்பம், யாரைக் கொல்லப் போற?"

ரம்பம் கையோடு வந்ததை அப்போதுதான் அவளும் பார்த்தாள். "கீழ இறங்கு."

"விருந்தாளிங்க வர்ற நேரம். வீட்டுக்கு வந்து திட்டிக்கோ."

"இறங்குடா."

"உன் கோட்டைப் பாத்துத்தான் கதவை ஏத்தி இறக்கிப் பாத்தேன். பட்டு மாதிரி போகுது." பூட்ஸ் காலால் தரையைத் தட்டினான். சத்தம் வரவில்லை. "தரையைப் பாரேன். புது ரப்பர் போட்டிருக்காங்கபோல. ராத்திரி வேலை முடிய லேட்டாச்சுன்னு இங்கேயே படுத்துட்டேன். நம்ம வீட்டு மெத்தையெல்லாம் பிச்சை வாங்கணும். எழுந்திரிக்கவே மனசு வரல."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டடி வந்தான். மூன்றாவது அடியில் வார் இழுத்துப் பிடித்தது.

"இரு, கழட்டறேன்." குனிந்தான். இடுப்பைத் துழாவினான். மறுபடி துழாவினான். "வாரோட கொக்கி எங்கே போச்சு?"

அவள் டார்ச் அடித்தாள். வாரின் கீழ்முனையில் வளையம் இல்லை. வார் தரைக்குள் போயிற்று. செடி மண்ணுக்குள் போவதுபோல. மேல்முனை அவன் சட்டைக்குள் போயிற்று. சட்டையைத் தூக்கினாள்.

தம்பி கீழே பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். "அக்கா, என்ன?"

"கண்ணை மூடிக்கோ."

"என்னன்னு சொல்லு."

"மூடிக்கோடா, என் செல்லம்."

ரம்பத்தை வைத்தாள். இழுத்தாள். அவன் அலறினான். சின்ன வயசில் கை உடைந்தபோதுகூட அப்படி அலறியதில்லை. சுவர் விரிப்பு எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. இன்னொரு இழுப்பு. சூடாக ஏதோ மணிக்கட்டில் வழிந்தது. பார்க்கவில்லை. இன்னொன்று. அறுந்தது.

இருவரும் சரிவில் உருண்டு சிமெண்டில் விழுந்தார்கள்.

அவனைப் புரட்டிப் பார்த்தாள். கண் இருந்தது. மூச்சு இருந்தது. இடுப்பில் வார் முனை விரல் நீளத்துக்குத் தொங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாடி, தொப்புள்கொடி காய்ந்து விழுவதுபோல் விழுந்தது. அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். முழுசாக இருந்தான்.

கார்கள் வந்தன. தளபதி முதலில் இறங்கி, விருந்தாளிகளுக்குக் கதவு திறந்துவிட்டார். கோட்டுகள், கறுப்புக் கண்ணாடிகள், வெயிலுக்கு விசிறிக்கொள்ள ஆளுக்கொரு பளபளத் தாள். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"சார், ஏத்தாதீங்க. இவனைப் பாருங்க. உள்ள—"

"ரத்தமும் ரம்பமுமா என்ன கோலம் இது?" உதடு அசையாமல், விருந்தாளிகளுக்குப் புன்னகை குறையாமல் பல்லிடுக்கில் சீறினார். "உங்களையும் உங்க தம்பியையும் சாயங்காலம் வெச்சுக்கறேன். ஒதுங்குங்க."

அப்போதுதான் அவளுக்கு அந்த விதி ஞாபகம் வந்தது. தளபதியே மீற முடியாத விதி. "லோட்மாஸ்டர் இல்லாம இந்த விமானம் ஓர் அடி நகரக் கூடாது சார். இவன் இங்க நிக்கிறான். உள்ள ஆள் இல்ல."

தளபதி சரிவின் உச்சியைக் காட்டினார். "கண்ணு தெரியலையா? அங்க நிக்கிறாரே."

நின்றிருந்தது.

தம்பியின் உயரம். தம்பியின் தோள். சீருடை கொஞ்சம் வெளுப்பு. பொத்தான்கள் துணியிலிருந்து தனியாகத் தெரியாமல், மொட்டுகளாக. இடுப்பிலிருந்து ஒரு வார் தரைக்குள் போயிற்று. காது வளர்ந்து முடிந்திருந்தது. மூக்கு முக்கால்வாசி. கண் இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் தோல்தான்.

அது கையை உயர்த்தி சல்யூட் வைத்தது.

தளபதி பதில் சல்யூட் வைத்தார். ஒரு லோட்மாஸ்டரின் முகத்தை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இன்றும் அவருக்கு வரவில்லை. விருந்தாளிகளை ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். தரை மெத்தென்று இருப்பதை யாரோ பாராட்டினார்கள். உட்கார்ந்தார்கள். அது குனிந்து, ஒவ்வொரு மடியாகத் தடவி, வார்களை இறுக்கியது. பொறுமையாக. அம்மா பிள்ளைகளுக்குப் போர்த்திவிடுவதுபோல.

அவள் கத்தினாள். எஞ்சின்கள் நான்கும் கத்தின.

சரிவு தரையை விட்டு மேலெழும்பத் தொடங்கியது. அது நிமிர்ந்து, கண்ணில்லாத முகத்தை அவள் பக்கம் திருப்பியது. மோப்பம் பிடித்தது. மூக்குக்குக் கீழே தோல் மெல்லக் கிழிந்து வாயாயிற்று. பல் இல்லை. உதடு இரண்டு முறை கூடிப் பார்த்து, மூன்றாம் முறை ஒரு சொல்லுக்கு வளைந்தது.

எஞ்சின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

"அக்கா," என்றான் பக்கத்தில் நின்ற தம்பி. அந்த உதடு வளைந்த அதே நொடியில். எங்கோ பார்த்தபடி. அவள் கைக்குள் அவன் கை சில்லிட்டுக்கொண்டே போயிற்று.